வெள்ளிக்கிழமைகளில் கிள்ளாத கதிர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்தேன். எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டதும் உண்டு. நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒஸ்லோவுக்கு வந்தபின் பேருந்து கழுவும் இடத்தில் நின்றே தலை நரைத்தது. கோயிலில் அன்னதானம் என்றால் முதல் ஆளாகச் சோறு வேகும் பெரிய கிடாரத்தடியில் நிற்பவன். அப்படிப்பட்டவன் அம்மருட் என்ற பகுதியில், சாமியறை உள்ள தன் வீட்டில், கஞ்சாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான் என்று வந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? பெண் கொடுத்த இடத்தில் என்ன சொல்வார்கள்? இந்தப் பயத்திலேயே பேனாவை மூடி வைத்துவிடுவேன். போன மாதம் மச்சானே சொல்லிவிட்டான்: "எழுது. ஆனால் என்னை நல்லவனாக்கிப் போடாதை." அதனால் எழுதுகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, அதனால் நீ, நான் என்றுதான் பேச்சு. குடும்பத்தோடு பக்கத்துப் பகுதியான ரொம்சோஸில் இருக்கிறான். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு நரம்பில் நோய் வந்தது. நிற்கும்போது கால்கள் மரக்கட்டைபோல விறைத்துவிடும். உட்கார்ந்திருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் உதைக்கும். யாரோ உள்ளே இருந்து கயிற்றை இழுப்பதுபோல இருக்கும் அந்த உதை. பிறகு வலி. வலிக்குக் கொடுத்த குளிசையைப் போட்டால் பகலெல்லாம் தூங்கி வழிவான். போடாவிட்டால் உதை.

அந்த வருடம் ஆவணியில் அவனுடைய மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மணவறையில் தகப்பன் சம்மணம் கட்டி இருக்க வேண்டும். தாரை வார்க்கும்போது மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டும். முன்னால் கும்பம், விளக்கு, பக்கத்தில் ஓமம். அந்த நேரத்தில் கால் உதைத்தால்? மச்சானுடைய கவலை முழுவதும் அதுதான். வீட்டில் ஒருநாள் சம்மணம் கட்டிப் பார்த்தானாம். தேநீர் மேசை தலைகீழாகப் போய்விட்டது.

"கதிரை போட்டு இரன்," நிலத்தில் வேண்டாம், நாற்காலியில் உட்கார் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இதை வாசிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், நான் அன்றைக்கே சொன்னேன்.

"என்ரை பெட்டையின்ரை கலியாணத்திலை நான் என்ன பார்க்க வந்த ஆளோ, கதிரையிலை இருக்க?" என்றான்.

அதற்குமேல் அவனோடு கதைக்க முடியாது.

செடியைக் கொண்டுவந்தது கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலைக்குப் போயிருந்தாள். மச்சான் தான் பிடித்து நடக்கும் தள்ளுவண்டியின் கூடையில் துவாயால் மூடி எதையோ கொண்டுவந்தான். துவாயை எடுத்தால் ஒரு சாண் உயரச் செடி, விரல் விரித்ததுபோல இலைகள்.

"இதென்ன?"

"தெரியாத மாதிரிக் கேளாதை."

"தெரிஞ்சபடியால்தான் கேக்கிறன். உன்ரை வீட்டிலை வையன்."

"என்ரை பல்கனி வடக்குப் பக்கம். வெயில் எட்டியும் பாராது. உன்ரை தெற்கு. தக்காளிக்குப் பக்கத்திலை வைச்சுவிடு, ஒருத்தருக்கும் தெரியாது."

"பொலிஸ் வந்தால்?"

"மூண்டாம் மாடிக்கு ஏறித் தக்காளி பாக்க இஞ்சை இருக்கிற பொலிசுக்கு வேறை வேலை இல்லையோ?"

"சாமியறை இருக்கிற வீடு மச்சான்."

"அப்ப சாமி காவல் இருக்கட்டும்."

இந்த நாட்டில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்தான். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவனுடைய வலது கால் உதைத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றான். நெற்றியில் வியர்வை. அது அடங்கியதும் ஒன்றும் நடக்காததுபோல, "தேத்தண்ணி தரமாட்டியோ?" என்றான். 'ஏலாது' சொல்ல வந்தவன் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே விளக்கம் சொன்னான். கூட வேலை செய்த நொர்வேக்காரன் ஒருவன் கொடுத்த செடி. மற்றக் கஞ்சாச் செடிகள் இரவு நீளும்வரை பூக்காமல் காத்திருக்குமாம். ஒஸ்லோவில் கோடையில் இரவு எங்கே இருக்கிறது? "இது அப்பிடியில்லை. ஓட்டோ எண்டு சொல்லுவினம். வெளிச்சத்தைப் பாராது, தன்ரை வயசைத்தான் பார்க்கும். வயசு வந்தால் தானாய்ப் பூக்கும். கலியாணத்துக்கு முன்னம் சரியாய் வரும்." கலியாணத்துக்கு நாள் குறித்ததுபோல இதற்கும் குறித்து வைத்திருந்தான்.

மாலையில் மனைவி வந்ததும் முதல் கேள்வி, "இதென்ன புதுச் செடி?"

"மூலிகை," என்றேன்.

"என்னத்துக்கு?"

"அண்ணையின்ரை காலுக்கு."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. செடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் துளசிச் சட்டியைத் தள்ளி அதற்குப் பக்கத்தில் நல்ல வெயில் படும் இடம் கொடுத்தாள். அந்தத் துளசியைக் குளிர்காலம் முழுவதும் விளக்குப் போட்டு உள்ளே வைத்துக் காப்பாற்றுகிறவள் அவள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

அந்தக் கோடை எனக்குப் பிள்ளை வளர்த்த பாடு. இரண்டு நாள் வெயில் அடித்தால் நாலு நாள் மழை. மழை வந்தால் சட்டியை உள்ளே தூக்க வேண்டும், வெயில் வந்தால் வெளியே. தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது. தண்ணீர் கூடினால் இலை தொங்குகிறது, குறைந்தாலும் தொங்குகிறது. இலையின் கீழே பச்சைப் பூச்சி. சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். என் சொந்தப் பிள்ளைகளின் காதைக்கூட அப்படித் துடைத்ததில்லை. வேலையிடத்துக்குத் தொலைபேசியில் எடுப்பான் மச்சான். "அடி இலை மஞ்சளோ? காத்துப் படுதோ? இனி உரம் போடாதை." நான் பேருந்தின் கீழே குனிந்து நின்றுகொண்டு, "ஓம், ஓம், வையடா போனை," என்பேன்.

ஒருநாள் கிளைகளின் கணுவில் வெள்ளை நூல்போல இரண்டு இரண்டாக எட்டிப் பார்த்தன. சொன்னதும் மச்சானுக்குச் சந்தோசம். "வெள்ளை நூலோ? அப்ப பெண்செடி. எனக்கு எப்பவும் பொம்பிளைப் பிள்ளையள்தான் வாய்க்கும்," என்றான். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டு நீண்ட நாள் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அந்தச் சந்தோசத்தோடு சாமியறைக்குள் போக முடியவில்லை. முருகனுக்கு முன்னால் நின்று என்னத்தைக் கேட்பது? செடி நன்றாகப் பூக்க வேண்டும் என்றா? மச்சானின் காலை நல்லாக்கு என்று கேட்டால், "அப்ப பல்கனியில் நிற்பது என்ன?" என்று அவர் திருப்பிக் கேட்பதுபோல இருக்கும். திருநீற்றைப் பூசிக்கொண்டு ஒன்றும் கேட்காமலே வந்துவிடுவேன். வாழ்க்கையில் அப்படிக் கும்பிட்டதே இல்லை. அந்தக் கோபமும் செடிமேல்தான் வந்தது.

மணமும் தொடங்கியது. எங்களுக்கு மேல் மாடியில் தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த தம்பி ஒருவர் இருந்தார். ஒருநாள் மேலேயிருந்து தலையை நீட்டினார்.

"அங்கிள், உங்க பால்கனியில என்ன வளர்க்குறீங்க? செம வாசனை!"

"தக்காளி, துளசி."

"துளசியா? எங்க ஊர்த் துளசி இப்படி மணக்காதே அங்கிள்!"

"இது யாழ்ப்பாணத்துத் துளசி தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். மனைவியோ, "பாவம், பொடியன் ஆசையாய்க் கேக்குது, ரெண்டு இலை குடுத்திருக்கலாமே," என்றாள்.

அதன்பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். செடி பக்கத்துக்கு விரிகிறதே தவிர நுனியில் பூ இல்லை. வெள்ளை நூல் வந்த இடமெல்லாம் சிறு சிறு தழும்பு. நாளைக்கு நாள் கூடியது. முதலில் ஆங்கிலத்தில் மக்பை என்கிற அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவியைச் சந்தேகப்பட்டேன். பல்கனிக் கம்பியில் பழைய சீடிகளைக் கட்டித் தொங்கவிட்டேன். குருவி வந்து அதில் முகம் பார்த்தது. பிறகு மேல்மாடித் தம்பியையும் சந்தேகப்பட்டேன். ஒரு மனிதர் கயிறு கட்டி இறங்கியா பூப் பறிப்பார்? எரிச்சலில் புத்தி அப்படியெல்லாம் போகும்.

ஒரு விடுமுறைநாள் காலை. மனைவி முழுகிவிட்டு, ஈரத் தலைமுடியை முடிந்துகொண்டு, தேவாரத்தை முணுமுணுத்தபடி பித்தளைத் தட்டத்தோடு பல்கனிக்குப் போனாள். துளசியில் பூக்கதிர் கிள்ளினாள். ஒரு அடி தள்ளி நின்று மற்றச் செடியிலும் கிள்ளினாள், அதே விரல், அதே பக்குவம்.

"என்னப்பா செய்யிறீர்?" என்று கத்தியேவிட்டேன்.

"ஏன் கத்திறியள்? கதிர் கிள்ளுறன். கிள்ளாமல் விட்டால் செடி முத்திப்போகுமெல்லே. நீங்கள் தண்ணியை மட்டும் ஊத்துவியள், இதுகள் தெரியாது."

"எப்ப தொடக்கம்?"

"வெள்ளை வெள்ளையாய் விடத் தொடங்கின நாள் தொடக்கம். துளசிக்குப் பாக்கிற மாதிரிச் செவ்வாய் வெள்ளியிலை கை வைக்கேல்லை. அமாவாசையும் விட்டனான்."

"கிள்ளினதை என்ன செய்தனீர்?"

"முருகனுக்கு வைச்சனான். அண்ணையின்ரை காலுக்கெண்டு வந்த மூலிகை. முதல்லை முருகன்ரை காலடிக்குப் போய்த்தானே அண்ணையின்ரை காலுக்குப் போகவேணும்?"

நான் சாமியறைக்குள் எட்டிப் பார்த்தேன். மாலையில் வேலை முடிந்து வந்து விளக்கேற்றும்போது முருகன் படத்தடியில் மணமாகப் பச்சையாக ஏதோ கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்க் கடையில் மருக்கொழுந்து வந்திருக்கிறது போலும் என்று நினைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றியும் இருக்கிறேன். அவளை ஏச முடியுமா? மூலிகை என்று சொன்ன வாய் என்னுடையது.

மச்சானுக்குச் சொன்னேன். அன்று பின்னேரமே பேருந்தில் வந்துவிட்டான். பல்கனியில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"திரும்பித் தளிர்க்காதோ?" என்றேன்.

"மற்றச் செடியெண்டால் பொறுத்து நிண்டு தளிர்க்கும். இது நிக்காது மச்சான். இதுக்கு வயசு போகுது." பிறகு சிரிக்கத் தொடங்கினான். "இந்த மாதம் முழுக்க முருகன் நல்லா நித்திரை கொண்டிருப்பார், என்ன?"

"வாயை மூடு," என்றேன். நான் சட்டி தூக்கிய பாடு, துடைத்த பாடு, கும்பிட முடியாமல் நின்ற பாடு, எல்லாம் இவனுக்குப் பகிடி.

குசினியிலிருந்து மனைவி வந்து கதவில் நின்றாள். "அண்ணை, என்ன செடி அது?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "கஞ்சா."

அவள் கையிலிருந்த அகப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "கஞ்சாவையோ? என்ரை முருகனுக்கோ?" என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொண்டு வைப்பிச்சியளோ? முழுகிப்போட்டு, தேவாரம் பாடி..." அவளுக்கு அழுகை வந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் மச்சானின் கால் உதைத்தது. துளசிச் சட்டி கவிழ்ந்து பல்கனி முழுவதும் மண். இரண்டாவது உதையில் முக்காலி சரிந்தது. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவன் துவாயைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

அவள் அதைப் பார்த்ததே இல்லை. உதைப்பு வரும் நேரம் தெரிந்தால் மச்சான் எழுந்து போய்விடுவான், கழிப்பறைக்கு என்பான், பேருந்துக்கு நேரமாச்சு என்பான். தங்கச்சிக்குக் காட்டாமலே இருந்திருக்கிறான். கவிழ்ந்த துளசியை அவள் நிமிர்த்தவில்லை. அண்ணனுக்கு முன்னால் மண்ணிலேயே குந்தினாள்.

"எத்தினை நாளாய் இப்பிடி?"

"இடைக்கிடைதான் பிள்ளை."

"பொய் சொல்லாதையுங்கோ. இப்பிடி உதைக்குது எண்டு டொக்டருக்குச் சொன்னனீங்களோ?"

அவன் சொல்லியிருக்கவில்லை. பரவாயில்லை, சமாளிக்கிறேன் என்றுதான் அங்கேயும் சொல்லியிருக்கிறான். எங்கள் ஆண்களுக்கு டொக்டருக்கு முன்னால் போனால் ஒரு நோயும் இராது.

"நாளைக்கே வாறன் உங்களோடை. நான் சொல்லுறன் அவருக்கு. மணவறையிலை கதிரையிலைதான் இருக்கிறியள். இல்லையெண்டால் நான் கலியாண மண்டபத்துக்கே வரமாட்டன்."

"சரி," என்றான் மச்சான்.

சரியாம்! நான் அன்றைக்கே சொன்னதற்கு எரிந்து விழுந்தவன், தங்கச்சி ஒருமுறை சொன்னதும் சரியாம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவன் எழும்பும்போது செடியின் அடிக்கிளைகளில் நாலைந்து கதிர் கிடப்பதைக் கண்டான். அவள் கை வைக்காத நாட்களில் முற்றியவை. "இந்த வெள்ளிக்கிழமைக் கதிர் கொஞ்சம் தப்பியிருக்குப் போலை," என்று விரலை நீட்டினான்.

"கையை எடுங்கோ," என்றாள் அவள்.

செடியைப் பிடுங்கு என்று எனக்கும் சொன்னாள். நான் அடுத்த நாள், அடுத்த நாள் என்று கடத்தினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேண்டாவெறுப்பாகத் தூக்கினாலும் தூக்கினது நான். அந்த வாரம் விடாத மழை. உள்ளே தூக்கவும் மனம் வரவில்லை, பிடுங்கவும் மனம் வரவில்லை. மழை விட்டபோது மிஞ்சிய கதிர்களில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அதோடு முடிந்தது.

குப்பையில் போட அவள் விடவில்லை. "முருகன்ரை காலிலை இருந்த செடி. குப்பைக்குப் போகக்கூடாது. நிர்மாலியம் போடுற இடத்திலை போடுங்கோ." சாமிக்கு வைத்து எடுத்த பூக்களை நாங்கள் அல்னா ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் மண்ணுக்குள் புதைப்பது வழக்கம். அப்படியே பையில் சுற்றிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். உள்ளே மேல்மாடித் தம்பி.

"என்ன அங்கிள், யாழ்ப்பாணத்துத் துளசியா?"

"சாமிக்கு வைச்சது தம்பி," என்றேன். பொய் இல்லை.

அவர் மூக்கை உறிஞ்சினார். சிரித்தார். கீழே இறங்கியதும் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, "மழை வரப்போகுது, சீக்கிரம் போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார். இன்றுவரை ஒருவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. நல்ல மனிதர்.

என் மனைவி மச்சானோடு டொக்டரிடம் போய், தன் அரைகுறை நொர்வேஜிய மொழியில், கையாலும் காலாலும் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். வேறு குளிசை கொடுத்தார்கள். உதைப்பு குறைந்தது. நிற்கவில்லை.

கலியாணத்தன்று மணவறையில் கதிரை போட்டிருந்தது. ஐயர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சபையிலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்காகவா ஒரு கோடை முழுவதும் நான் களவு செய்தவன்போல வாழ்ந்தேன் என்று அங்கேயே கோபம் வந்தது. நான் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, அவனுடைய பட்டு வேட்டிக்கு மேலால் இரண்டு முழங்காலையும் அமத்திப் பிடித்துக்கொண்டேன். மகளின் கையை அவன் மாப்பிள்ளையின் கையில் வைத்தான். அவனுடைய மனைவி செம்பிலிருந்து நீர் வார்க்கத் தொடங்கினாள். அந்த நேரம் என் உள்ளங்கைக்குள் அது புறப்பட்டு வருவது தெரிந்தது. முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன். முழங்கால் நின்றது. கீழ்க்கால் வந்து என் விலாவில் விழுந்தது.

"நொந்து போச்சோ?" என்றான் மச்சான், உதடு அசையாமல்.

"பேசாமல் கையைப் பார்," என்றேன்.

அவனுடைய கை ஆடவில்லை. நீர் சிந்தவில்லை. அந்த நேரத்தில்தான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, முருகா என்று ஒன்றைக் கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று. விலாவில் நீலம் பாய்ந்து ஆறக் கனநாள் எடுத்தது.

எங்களில் யார் வாயால் போனதோ, இந்தக் கதை ஏற்கெனவே இரண்டு விதமாக உலாவுகிறது. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் ஒரு வீட்டில், அந்தச் செடியைச் சாப்பிட்டுத்தான் மச்சான் மணவறையில் ஆடாமல் இருந்தார் என்று சொன்னார்களாம். கோயில் மண்டபத்தில், சாமிக்குத் தகாததை வைத்ததால்தான் அவருக்கு நோய் கூடியது என்று சொன்னார்களாம். இரண்டும் பொய். அவன் ஒரு இலைகூட வாயில் வைக்கவில்லை. நோய் நோயின் பாட்டில் போகிறது. இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறான். என் மனைவி தெரியாமல் வைத்ததை முருகன் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பது அவருக்கும் அவளுக்கும் உள்ள விஷயம்.

ஆகவே வாசித்தவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்வதென்றால் இப்படியே சொல்லுங்கள். செடியால் சுகம் வந்தது என்று கூட்ட வேண்டாம். செடியால் கேடு வந்தது என்றும் கூட்ட வேண்டாம். அவள் முழுகிவிட்டுத் தட்டத்தோடு பல்கனிக்குப் போனதைக் குறைக்க வேண்டாம். கதிரை போடச் சொல்லி நான் முதலிலேயே சொன்னதையும் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.